யானைய எந்தப் பெட்டிக்குள்ள போடுறது மகள்?

வாங்க மகள், இருங்க. மட்டக்களப்பு வாவிக்கு மேலால, மண்முனைப் பாலத்தாலயா வந்தீங்க? நல்லது. 2014இல அந்தப் பாலம் திறக்கிறதுக்கு முந்தி, உங்களப் போல உத்தியோகத்தர்மார் வாவிக்கு இஞ்சால, படுவாங்கரைக்கு வாறதெண்டா பாதைப் படகுக்குக் காத்து நிண்டு, ஆத்துக் காத்துக்குக் கடுதாசி பறக்காம நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, இஞ்சால வந்து இறங்க மத்தியானமாகிரும். இறங்கின உடன கேக்கிற முதல் கேள்வி, "திரும்பிப் போற பாதை எத்தின மணிக்கு?" அந்தக் கேள்விக்கு மட்டும் எங்கட ஆக்கள் எப்பவும் உண்மையத்தான் சொன்னவங்க. மத்தக் கேள்விகளுக்கு என்ன சொன்னவங்க எண்டத மறுகா சொல்லுறன்.

இப்ப கடுதாசி இல்ல, டெப் எண்டுறீங்க. சரி, வாசிங்க பாப்பம். "சிறுவர், இளைஞர், குடும்பங்களின் தேவைகளும் கிடைக்கும் சேவைகளும்: கிராம மட்ட மதிப்பீடு." அம்மாடி, தலைப்பக் கேட்டாலே பசி தீந்திரும் போல கிடக்கு. நான் வட்டவிதானையா இருந்து தண்ணி பங்கிட்டவன். கேக்காமலே புத்தி சொல்லுற வயசு எனக்கு. கேக்கிற மாதிரித் தலையாட்டுற உத்தியோகம் உங்களுக்கு. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு. அந்தத் தேத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சுக் கேளுங்க.

எப்பவும் இண்டைக்கு வந்த மாதிரிப் பத்து மணிக்கே வாங்க. அந்த நேரம் ஊர்ல ஆரும் இருக்க மாட்டாங்க, வேல சுகம். ஆம்புளயள் வட்டைக்கு, இல்லாட்டி வாவிக்கு அங்கால எழுவாங்கரைக்கு மேசன் வேலைக்கு. பொம்புளயள் கூலிக்கு. பள்ளிக்குடம் போற புள்ளைகள் பள்ளிக்குடத்துல, போகாத புள்ளைகள் உங்கட கண்ணுல படாத இடத்துல. வளவுக்குள்ள நானும் நாயும்தான். எங்க ரெண்டு பேரையும் கேட்டு எழுதிக்கிட்டுப் போனா "கிராம மக்களுடன் கலந்துரையாடப்பட்டது" எண்டு போடலாம். நாய் மறுக்காது.

நுண்கடன் கம்பனிக்குக் கிழமைக் கடன் அறவிட வாற பெடியனுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது, பாவம். விடிய ஆறு மணிக்கே மோட்டச்சைக்கிள்ல வந்து படலையடியில நிப்பான். எந்தத் தாய் எந்தப் போடியார்ட வட்டையில நாத்துப் புடுங்குறாள், கூலி எந்த நாள் கையில விழும், புருசன் கசிப்புக்கு எங்க போறவன், மகள்ட தோடு எந்த மாசம் அடகுக்குப் போனது, எல்லாம் அவன்ட தலைக்குள்ள இருக்கு. 2018இல வரட்சி வந்த மாவட்டங்கள்ல பெண்கள் பட்ட ஒரு லட்சத்துக்குள்ளான கடன அரசாங்கம் தள்ளிவிட்டுது. அப்ப எந்தத் தாய் எவ்வளவு கட்டவேணும் எண்ட பட்டியல் ஆரிட்ட இருந்துது? கம்பனிக்காரனிட்ட. புள்ளைகள்ட நலனுக்கெண்டு கச்சேரியில ஒரு மாடி நிறைய ஆக்கள் இருந்தாங்க, அவங்களிட்டப் பட்டியல் இல்ல. வாங்க வாறவனுக்கு எல்லா வீடும் தெரியுது மகள், குடுக்க வாறவங்களுக்குத்தான் வழி கேக்கவேண்டி இருக்கு.

என்ட பேரன் கம்பஸ்ல படிக்கிறவன், ஒருக்கா வாசிச்சுக் காட்டினான். றொபட் சேம்பர்ஸ் எண்டு ஒரு வெள்ளைக்காரர் 1983இலயே புத்தகமா எழுதி வெச்சிருக்காராம். படிச்ச ஆக்கள் ஊர் பாக்கப் போறதெண்டா தார் றோட்டு ஓரத்து ஊருக்கு, மழையில்லாத காலத்துல, ஏலவே ஒரு திட்டம் நடக்கிற இடத்துக்கு, கதைக்கத் தெரிஞ்ச ஆம்புளயிட்டத்தான் போவாங்களாம். பேரன் சொல்லச் சொல்ல, எங்கட விதானையாரக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சு எழுதினாரோ எண்டு நினைச்சன். மாரியில கிரான் புலிபாய்ந்தகல் றோட்டுக்கு மேலால தண்ணி பாயும். அங்கால ஊர்ப் புள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், பால்காரர் எல்லாரும் வள்ளத்துலதான் இஞ்சால வரவேணும். அந்த நேரம் வந்து பாத்தா எட்டுப் பக்கக் கேள்விக்கும் அரை மணித்தியாலத்துல பதில் கிடைச்சிரும். ஆனா வராதீங்க. மார்கழியில வருசக் கணக்கு முடிக்கவேணும், அறிக்கை எழுதுற காலம் அது. வெள்ளமும் அறிக்கையும் ஒரே மாசத்துல வாறது எங்கட தலையெழுத்து.

சேம்பர்ஸ்ட வழியக் கொஞ்சம் படிச்ச நிறுவனங்களும் சுனாமிக்குப் பிறகு இஞ்ச வந்தவங்கதான். மண்ணுல ஊர்ப் படம் கீறச் சொல்லுவாங்க. கோலமாவால றோட்டு, வேப்பங்கொட்டையால வீடு, பச்ச இலையால கிணறு. எங்கட பொம்புளயள் கோலம் போடுறவங்க, அழகாக் கீறினாங்க. போட்டோவும் எடுத்தாச்சு. ஆனா கசிப்பு வடிக்கிற இடத்துக்கு ஒருத்தரும் ஒரு கல்லு வெக்கல்ல. வெச்சவன் பின்னேரம் அந்த வழியாலதானே வீட்டுக்குப் போகவேணும்.

அடுத்த கேள்வி என்ன? "வீட்டிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை." இதுக்கு நாங்க சொல்லுற பதில் காலத்துக்குக் காலம் மாறும் மகள், கோவிக்கக் கூடாது. 2001 பக்கம் புலிகள் இயக்கம் வீட்டுக்கொரு புள்ள எண்டு கேட்டு வந்த காலத்துல, மூண்டு பெத்தவள் ஒண்டு எண்டு சொல்லுவாள். அந்த ஒண்டுக்கும் வலிப்பு வருத்தம் எண்டு சேத்துச் சொல்லுவாள். கலியாணம் முடிச்ச புள்ளையக் கேக்க மாட்டாங்க எண்டு பதினாலு, பதினஞ்சு வயசுப் பெட்டைகளுக்கு அவதி அவதியாத் தாலி ஏறிச்சு. 2004 பங்குனியில இயக்கம் ரெண்டாப் பிரிஞ்சுது, பொய்யும் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு விதமாச் சொல்லவேண்டி வந்துது. அந்த வருசம் மார்கழி 26 கடல் வந்துது. நாவலடி, கல்லடிச் சனம் பள்ளிக்குடங்கள்ல கிடந்த நேரம், நிவாரணம் தலைக்கு இவ்வளவு எண்டு வந்துது. அப்ப ஒளிச்சு வெச்ச தலையெல்லாம் வெளிய வந்துது. செத்த புள்ளையட பேரப் பட்டியல்ல இருந்து வெட்ட மனமில்லாம விட்ட தாய்மாரும் இருந்தாங்க, அது அரிசிக்காக இல்ல. இப்படிப் பழகின சனத்துட்ட வந்து டெப்பத் தூக்கிப் பிடிச்சு "எத்தின புள்ள?" எண்டு கேட்டா, அவள் உங்கட மூஞ்சியப் பாப்பாள், வாகனத்துல ஒட்டின இலச்சினையப் பாப்பாள், மறுகா ஒரு நம்பர் சொல்லுவாள். எதுக்குக் கேக்கிறீங்க எண்டத நீங்க முதல்ல சொல்லிப் பாருங்க, நம்பர் கொஞ்சம் உண்மைக்குக் கிட்ட வரும்.

"குடும்பத் தலைவர் யார்?" இதக் கேட்டா எல்லா வீட்டுலயும் புருசன்ட பேரத்தான் சொல்லுவாங்க. எழுதுங்க, எழுதிப் போட்டு ஒரு சங்கதி கேளுங்க. எங்கட பக்கத்துல வீடு பொம்புளப் புள்ளைக்குச் சீதனமாப் போறது. மாப்பிள்ள வந்து ஏறுறவன். பெத்தவங்க அதே வளவுக்குள்ள மூலையில ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டு ஒதுங்கிருவாங்க. தாய் கூலிக்குப் போனாலும், குவைத்துக்குப் போனாலும், புள்ளைகளுக்குச் சோறு போடுறது அந்த மூலை வீட்டுக்காரி, பெத்தம்மா. அவள்ட சுகர் வருத்தம், அவள்ட கண்ணுப் பீளை, அவள் விழுந்தா அந்த வளவுல நாலு புள்ள பட்டினி. உங்கட படிவத்துல அவள் "தங்கி வாழ்பவர்" எண்டு கிடப்பாள். ஆர் ஆரத் தங்கி வாழுறாங்க எண்டு ஒரு நாளைக்கு அந்தக் குசினியில இருந்து பாத்துப் போட்டு எழுதியிருக்கலாம்.

குவைத்துப் பேச்சு வந்த படியால சொல்லுறன். மூதூர்ப் புள்ள றிசானா நபீக் 2005இல சவூதிக்குப் போனா. வயசு பதினேழு, பாஸ்போட்டுல கூட்டிப் போட்டது. எந்த வீட்டுல தகப்பனுக்கு வேல இல்ல, எந்த வீட்டுல மூத்தது பொம்புளப் புள்ள எண்டு ஏஜென்சிக்காரனுக்குத் தெரிஞ்சிருந்துது. அவனும் ஒரு தேவை மதிப்பீடு செஞ்சவன்தான் மகள். 2013 ஜனவரி 9 அங்க அந்தப் புள்ளையட தலைய வெட்டிப் போட்டாங்க. அதே வருசம் எங்கட அரசாங்கம் முழிச்சு, வெளிநாட்டுக்குப் போற பொம்புளயளுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு ஒண்டக் கொண்டுவந்துது. அஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா தாய் போகேலாது, மத்தவங்க புள்ளைய ஆர் பாக்கிறது எண்டு உத்தியோகத்தர் வந்து பாத்துக் கையெழுத்து வெக்கவேணும். 2022இல டொலர் இல்லாமப் போன உடன அஞ்சு ரெண்டாச்சு. மூண்டு வயசுப் புள்ளைக்குத் தாய் தேவையா இல்லையா எண்டத மத்திய வங்கிக் கையிருப்புத் தீர்மானிச்ச நாடு இது. நான் பகிடி பண்ணுறன் எண்டு நினைக்காதீங்க, பகிடி அவங்கட.

தகப்பன் கட்டாருக்குப் போனா அறிக்கை இல்ல. அவன் இஞ்ச இருந்து குடிச்சாலும் அறிக்கை இல்ல. புள்ளைய ஆர் பாக்கிறது எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போனாங்களே, தாய் போன பிறகு ஒருத்தராவது திரும்பி வந்து, புள்ள எப்படி இருக்கு எண்டு பாத்தாங்களா எண்டு இந்த ஒழுங்கையில கேட்டுப் பாருங்க. அறிக்கை கிடைக்காதவள் வீட்டோட நிண்டுட்டாள் எண்டும் நினைக்காதீங்க. விசிட் விசாவுல போயிருப்பாள். அப்படிப் போனவளுக்குக் காப்புறுதியும் இல்ல, உங்கட பட்டியல்ல பேரும் இல்ல.

பதினஞ்சு வயசுப் பெட்டை வயித்துல புள்ளையோட இருக்கிற வீடும் உங்கட பட்டியல்ல வராது. 1995இல சட்டம் மாறி, பதினாறுக்குக் கீழ எண்டா அவள் சம்மதிச்சாலும் குத்தம் எண்டாச்சு, சரியான சட்டம்தான். ஆனா ஆசுபத்திரிக்குப் போனா பொலிஸ் வரும், பெடியன் உள்ளுக்குப் போவான் எண்டு வீட்டுக்காரர் ஆசுபத்திரியையே மறைப்பாங்க. குடும்பநல மருத்துவிச்சிக்குத் தெரியும். அவவிட்டக் கேளுங்க, கேட்டு டெப்ப மூடி வெச்சுப் போட்டுக் கதைங்க.

வறுமைக் கணக்குக்கு வருவம். 2012/13இல மட்டக்களப்புல நூத்துக்கு 19.4 பேர் ஏழை எண்டு எழுதினாங்க. முழு நாட்டுக்கும் 6.7. 2016இல பாத்தா நாங்க 11.3. நூத்துக்கு எட்டுப் பேர் எங்க போனாங்க எண்டு ஊர்ல தேடிப் பாத்தம். பாதிப் பேர் மத்திய கிழக்குல, மிச்சப் பேர் கிழமைக் கடன் கொப்பியில. பிறகு 2023இல சமுர்த்திக்குப் பதிலா அஸ்வெசும கொடுப்பனவு வந்துது. 22 குறிகாட்டியாம், ஆறு பிரிவாம். படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை. நல்ல நினைப்புத்தான், சமுர்த்திப் பேர் சிபாரிசுல விழுறத விடக் கணக்குல விழுறது நல்லது. ஆனா எங்கட பக்கத்து வீடு எப்படி வந்த வீடு? இந்திய வீட்டுத்திட்டத்துல அஞ்சரை லட்சம் குடுத்தாங்க, நீங்களே கட்டுங்க எண்டாங்க. சாமான் விலை ஏறிச்சு, மிச்சத்துக்குக் கடன் பட்டுக் கட்டினது. சுவர் சீமெந்து, கூரை ஓடு. கணக்கெடுக்க வந்த புள்ள சுவரத் தட்டிப் பாத்துப் போட்டுப் போச்சு, கடன் சுவருக்குள்ள இருக்கிறது தட்டினாக் கேக்காது. மேன்முறையீடு செய்யலாம் எண்டாங்க. நாடு முழுக்க லட்சக் கணக்கான சனம் மேன்முறையீட்டுக்குப் போச்சுது. அவ்வளவு சனமும் பிழையா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.

கிளினிக்கில புள்ளையட நிறை குறைஞ்சு, அட்டையில கோடு இறங்கினா, "தாய்க்குப் போசாக்குப் பற்றிய விழிப்புணர்வு இல்லை" எண்டு எழுதுவீங்க. எழுதுங்க, அதுக்கு ஒரு கருத்தரங்கும் வரும். நான் சொல்லுறது வேற. 2021 மே மாசம் ரசாயன உரத்த நிப்பாட்டினாங்க, கார்த்திகையில திரும்ப விட்டாங்க. அதுக்குள்ள மாரிச் சோளம் போட்டவன் போட்டாச்சு. பயிர் மஞ்சளாகி, கதிர் விரல் அளவு. 2022இல திரிபோஷாச் சத்துமாவுக்குச் சோளம் போதல்ல, கிடைச்சதுலயும் பூஞ்சண நஞ்சுப் பிரச்சின வந்து, சின்னப் புள்ளைகளுக்குரிய மா நிண்டுது. 1973இல இருந்து கிளினிக்கில குடுத்து வந்த மா. அந்த வருசமே 400 கிராம் பால்மாப் பெட்டி ஆயிரம் ரூபாயத் தாண்டிச்சு. இவ்வளவும் அந்தத் தாய்ட விழிப்புணர்வு இல்லாததாலயா நடந்துது?

இப்ப கடைசிப் பக்கத்துல "வேறு" எண்டு ஒரு பெட்டி இருக்கே, விரல் நகம் அளவு, அதுதான் எனக்குப் பிடிச்ச பெட்டி. படுவாங்கரையில உள்ளதெல்லாம் அதுக்குள்ளதான் போகவேணும். பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு யானை இறங்கும். ஓ.எல். படிக்கிற பெட்டைகள் டியூசனுக்குப் போறத விட்டுட்டாங்க. பெடியன்மார் சைக்கிள்ல கூட்டமாப் போய் வாறாங்க. இதுக்கு எந்தப் பெட்டி? யானை வனஜீவராசிகள் திணைக்களம், டியூசன் கல்வி, பெட்டை சிறுவர் நன்னடத்தை, றோட்டு லைட் பிரதேச சபை. நாலு கந்தோரும் ஒரு யானையச் சுத்தி நிண்டு, ஆளுக்கொரு காலப் பிடிச்சுக்கிட்டு இது என்ட இல்ல எண்டு சொல்லுவாங்க. கடைசியில உங்கட டெப்புல இருக்கிற பட்டியல்ல பொருந்துற காரணம் ஒண்டே ஒண்டு: "கல்வியில் ஆர்வமின்மை." யானைக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது எனக்குப் போன வருசம்தான் தெரிய வந்துது.

உங்கட ஐயாமார் இதெல்லாத்தையும் கூட்டம் வெச்சுத் தீர்ப்பாங்க எண்டு தெரியும். பிரதேச செயலகக் கேட்போர்கூடம், கிராம சிறுவர் அபிவிருத்திக் குழு, றோல்ஸ், பால் தேத்தண்ணி. புள்ளைகள்ட பங்குபற்றலும் வேணுமெண்டு அதிபர் ஒரு கெட்டிக்காரப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வருவார். அது பாடமாக்கினத ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லும், எல்லாரும் கைதட்டுவாங்க. வாய்க்கால் தலைப்புல நிண்டு பாத்தா தண்ணி எப்பவும் நிறையத்தான் ஓடும் மகள். கடைவயல் வெடிச்சுக் கிடக்கிறது அங்க நடந்து போனாத்தான் தெரியும். அந்தக் கடைவயல்காரன் கூட்டத்துக்கும் வர மாட்டான், வந்தாலும் பின் வாங்குல இருப்பான், றோல்ஸ் அவன்ட பக்கம் வாறதுக்குள்ள முடிஞ்சிரும்.

டவுன்ல 1996இல ரெண்டு போல் சேந்து ஒரு வேல செஞ்சாங்க. ஒருத்தர் போல் சற்குணநாயகம் அடிகளார், மத்தவர் கனடாக்காரர் போல் ஹோகன். வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா எண்டு பேர். யுத்தத்துக்குள்ள கிடந்த தமிழ்ப் புள்ளைகளையும் முஸ்லிம் புள்ளைகளையும் பஸ்ஸுல ஏத்திக்கொண்டு போய், கேள்வி ஒண்டும் கேக்காமக் களிமண்ணையும் நிறத்தையும் குடுத்து விட்டாங்க. புள்ளைகள் செஞ்சு வெச்சதப் பாத்தே என்ன நடந்திருக்கெண்டு தெரிஞ்சுக்கிட்டாங்க. உங்களுக்கு அப்படிச் செய்ய நேரம் தர மாட்டாங்க எண்டு எனக்குத் தெரியும், அதால லேசான வழி ஒண்டு சொல்லுறன்.

அந்தச் சந்திக் கடைக்குப் போங்க. மேசையில நூலுல கட்டின பென்சிலோட ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கும். வீட்டுக்கொரு பக்கம். முதலாளி எனக்குச் சொந்தக்காரன், நான் அனுப்பினது எண்டு சொன்னாக் காட்டுவான். ஒரு சீனிப் பொட்டலம் வாங்கிக்கிட்டுக் கேளுங்க, சும்மா கேட்டாப் பிடிக்காது. ஒரு பக்கத்தப் பிரிச்சுப் பாருங்க. மாச முதல்ல பால்மாப் பெட்டி, மீன் ரின், சவர்க்காரம். தாய் அனுப்புற காசு வந்த கிழமை அது. பத்தாம் திகதிக்குப் பிறகு பெட்டி இல்ல, சின்னப் பக்கெட். இருபதாம் திகதி தேயிலை, சீனி, அரைக் கிலோ பாண் மா. மறுகா ஒரு நாள் நூறு ரூபாக் காட் ஒண்டு, அது வெளிநாட்டுக்குப் பேச. புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா பனடோல் ரெண்டு எண்டு விழும். பள்ளிக்குடம் தொடங்குற மாசத்துல கொப்பி, பேனை ஒண்டும் விழாத பக்கம் எது எண்டு பாருங்க. அந்த வீட்டுப் புள்ள பள்ளிக்குடம் போகல்ல எண்டு அதிபர்ட வரவுப் பதிவேடு பங்குனியிலதான் சொல்லும், முதலாளிட கொப்பி தையிலயே சொல்லிப் போடும்.

பக்கங்களப் பாத்து முடிஞ்சா, உங்கட வாக்காளர் பட்டியலையும் கொப்பியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பட்டியல்ல பேர் இருந்து கொப்பியில பக்கம் இல்லாத வீடு மூண்டு நாலு வரும். ஒண்டு ரெண்டு வசதியான ஆக்கள், களுவாஞ்சிக்குடியில மொத்தமா வாங்குறவங்க. மிச்சது முதலாளியே கடன் குடுக்க மாட்டன் எண்டு பக்கத்தக் கிழிச்ச வீடு. அங்க போங்க. ஆறு மணிக்குப் போங்க. கடன்காரப் பெடியன் உங்களுக்கு முந்தி அங்க நிண்டாலும் நிப்பான், வழி தெரியாட்டி அவனுக்குப் பின்னால போங்க.

ஒழும்பிட்டீங்களா? ஓம், வெயில் உச்சிக்கு ஏற முந்திப் போங்க. கையெழுத்தா? விரலாலயா? இந்த விரல் வரம்புல கிடந்து மரத்துப் போன விரல், டெப்புக்கு விளங்குதோ தெரியாது. இஞ்ச "வயது" எண்டு கிடக்கே மகள், என்ன போட? முதியோர் கொடுப்பனவுக்கெண்டா ஒரு வயசு இருக்கு, விவசாயக் காப்புறுதிக்கெண்டா வேற வயசு இருக்கு. எந்தத் திட்டம் எண்டு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரிச் சொல்லுறன்.